பாக்கியத்தின் அரைப்பேர்

எங்கள் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குத் தனிக் கட்டடம் ஒன்று திறக்கப்போகிறார்கள். திறப்பு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, என் இடத்துக்கு வந்திருக்கும் நிபுணர் வீடு தேடி வந்து கேட்டார். மட்டக்களப்புப் பெண்பிள்ளை, பொறுமைசாலி. "உங்கட அனுபவத்த எழுதுங்க சேர். கடைசியில கட்டடத்துக்கு ஒரு வாழ்த்தும் போட்டுடுங்க" என்றார்.

வாழ்த்து எழுதுவதில் எனக்குக் கைராசி கிடையாது. ஓய்வு பெற்றதிலிருந்து எதை எழுதுவதற்குமே சோம்பல்தான். காலையில் எழுந்து பேப்பரைப் புரட்டி, பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும் ஆள் நான். ஆனால் போன கிழமை என் வீட்டு வாசலில் நடந்த ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. அதைச் சொல்வதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளை பஜாரில் என் அப்பாவுக்குப் புடவைக்கடை. தோட்டத்துச் சனங்கள் வந்து துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். படிப்பு, கொழும்பு, மேல்படிப்பு, வெளிநாட்டில் கொஞ்ச காலம் என்று அதையெல்லாம் விவரித்தால் எனக்கே கொட்டாவி வரும். மனநல வைத்தியனாக ஊருக்குத் திரும்பினேன். "ஒழுங்கான டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே தம்பி" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்த வார்த்தையில் எனக்கும் உள்ளூர ஒரு குத்தல் இருந்தது.

அந்தக் குத்தலைப் போக்கியவர் எங்கள் பெரிய டாக்டர். மனநலப் பிரிவுக்கு அப்போது அவர்தான் தலைவர். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். நோயாளிகளோடு அவருடைய உடைந்த தமிழில் பேசுவார். அவர் வார்ட்டுக்குள் வரும் விதத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். கதவடியிலேயே வார்ட்டுத் தாதி, எங்கள் மிஸி, ஒரு கோப்பை பிளேன் டீயை நீட்ட வேண்டும். அதை அவர் குடிக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கை சூடானதும் கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு முதல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். குளிர்ந்த கையால் தொட்டால் ஆள் திடுக்கிடும், நாடி சரியாகத் தெரியாது என்பது அவர் கணக்கு. வலது பக்கமாகத்தான் நிற்பார். நாடிக்குப் பிறகு கண் இமை, நாக்கு, நகம், கணுக்கால். அதற்குப் பிறகு மூன்று கேள்வி: "சாப்பாடு எப்படி? தூக்கம் எப்படி? வெளிக்குப் போறது எப்படி?" பேய், சூனியம், பக்கத்து லயத்து வீட்டுச் சண்டை என்று உறவுக்காரர்கள் ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அது பிறகு. முதல்ல ஒடம்பு."

அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் சுத்தியல் இருக்கும், முழங்காலில் தட்டிப் பார்ப்பதற்கு. "மனசு டாக்டருக்கு சுத்தியல் எதுக்கு, மண்டையில தட்டவா?" என்று மற்ற வைத்தியர்கள் சாப்பாட்டு மேசையில் கேலி பண்ணுவார்கள். அவர் சட்டை செய்ய மாட்டார். எனக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் இதுதான்: "சட்டை கழட்டாம மனசு பார்க்க ஏலாது."

இதை மறுபக்கமாகவும் செய்வார். பசறை ரோட்டில் பஸ் ஓட்டிய ஒருவர் மாரடைப்பு வந்து பிழைத்தார். நெஞ்சு வைத்தியர்கள் நல்ல மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஆள் மாத்திரையைப் போடாமல் திரும்பத் திரும்ப வந்து வார்ட்டில் விழுந்தார். எல்லோரும் திட்டினார்கள். ஏன் போடவில்லை என்று கேட்டவர் பெரிய டாக்டர் ஒருவர்தான். "இனிமே ஸ்டியரிங் புடிக்கக் கூடாதுன்னுட்டாங்க ஐயா. பெறகு எதுக்கு மாத்திர?" என்றார் மனிதர். அன்றிலிருந்து அவர் எங்கள் நோயாளியும் ஆனார்.

இனிப் பாக்கியம்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் புருஷன் மருதை. பெரகலைக்கு மேலே ஒரு தோட்டம். இரண்டு பேருக்கும் கொழுந்து மலையில் வேலை. சின்னப் பிள்ளைகள் இரண்டு. சின்னது பால் குடிக்கிற பிள்ளை, அதை மருதையின் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மருதை வார்ட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"செத்துப்போன எங்க ஆத்தா கூப்புடுதுங்குறா ஐயா. ஒல கொதிச்சு வழியிறது கூடத் தெரியாம அடுப்பு முன்னாடி ஒக்காந்திருக்கா. கோடாங்கிய வச்சு ரெண்டு மூணு தடவ பாத்தாச்சு. எறங்க மாட்டேங்குது."

கோடாங்கி வேப்பங்குழையால் பேய் விரட்டிய தடம் அவள் முதுகில் இருந்தது. முகம் ஊதியிருந்தது. அழுததால் என்று நினைத்தோம். கம்பளியை இறுக்கிப் போர்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மிஸி எடுக்கப் போனால் விடவில்லை.

அவளை முதலில் பார்த்தவர் வடக்கிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் வைத்தியர். கெட்டிக்காரர். வார்ட்டுச் சுற்றில் எங்கள் முன்னால் நின்று சொன்னார்:

"சேர், அவவுக்குத் தன்ர பேர் பாதியாப் போட்டுதெண்டு ஒரு நினைப்பு. பேரைக் கேட்டால் 'அரைப்பேர்தான், அரைப்பேர்தான்' எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறா. மிச்சத்தைக் கங்காணி எடுத்துட்டாராம். இப்படி ஒண்டை நான் புத்தகத்திலயும் படிக்கேல்ல."

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அபூர்வமான பைத்தியம் என்று முடிவு கட்டி, கொழும்புப் பக்கத்திலிருந்த பெரிய மனநல மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடும் செய்துவிட்டார். மறுநாள் காலை அம்புலன்ஸ். அந்தக் காலத்தில் மலையிலிருந்து அங்கே போனவர்கள் சுலபத்தில் திரும்பி வந்ததில்லை. பாஷை தெரியாத இடம், பார்க்கப் போக வசதியில்லாத குடும்பம். மருதைக்கும் அது தெரிந்திருந்தது. "அங்க போனா திரும்பி வருவாளாங்க?" என்று என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அரைப்பேர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். இளம் வைத்தியரின் முகம் சுண்டிப்போயிற்று. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றால் பேர் பதிவார்கள். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். எங்கள் கடையில் எத்தனையோ பெண்கள் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு "இந்த மாசம் பூரா அரப்பேருங்க" என்று திருப்பி மடித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவரும் பாக்கியமும் பேசியது தமிழ்தான்.

சிரித்து முடிந்ததும் ஏதோ உறுத்தியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பாக்கியம், எப்பருந்து அரப்பேரு?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்தது. குரல் தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வந்தது.

"ரொம்ப நாளாங்க. கை போக மாட்டேங்குது. கொழுந்து கண்ணுக்குத் தெரியுது. கைதான் போக மாட்டேங்குது."

"ஆத்தா கூப்புட ஆரம்பிச்சது எப்ப?"

"அது இப்பத்தாங்க. திருவிழாவுக்குப் பொறவு. அரப்பேரு அதுக்கு எவ்வளவோ முந்தி."

பெரிய டாக்டருக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கோப்பையை ஜன்னலில் வைத்தார். "அப்படியானால் கை முதலில் நின்றிருக்கிறது. பேய் பிறகுதான் வந்திருக்கிறது" என்றார். பிறகு அவளிடம் தமிழில், "கம்பளி கழட்டுங்க" என்றார். அவள் தலையாட்டினாள். "குளுருதுங்க ஐயா."

அப்போது உச்சி வெயில். பெரகலையில் எல்லோரும் போர்த்திக்கொண்டுதான் இருப்பார்கள், அதில் ஒருத்திக்கு மட்டும் குளிர் அதிகம் என்று யார் கண்டுபிடிப்பது? அங்கிருந்து பதுளைக்கு இறங்கும்போது ஹாலிஎல தாண்டினாலே பஸ்ஸுக்குள் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். இவள் பதுளை வெயிலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். மிஸி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எங்கள் யாருக்கும் அது வரைக்கும் அது கண்ணில் படவில்லை.

பெரிய டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வழக்கத்தை விட நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். புறங்கையைத் தடவினார், தோல் உலர்ந்து செதிலாக இருந்தது. புருவத்தின் வெளி ஓரத்தில் விரலை வைத்தார், அங்கே மயிரில்லை. கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். வீக்கம் இருந்தது, குழி விழவில்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பாதம் வெளியே தொங்கும்படி அவளை அதில் முட்டி போட வைத்தார். சுத்தியலை எடுத்துக் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் சட்டென்று பின்னால் அசைந்தது. திரும்பி வருகிறபோது மட்டும், தண்ணீருக்குள் அசைவதைப் போல, ஆற அமர வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அதே போல. சுத்தியலை இளம் வைத்தியரின் கையில் கொடுத்தார். அந்தப் பிள்ளையும் தட்டினார். பாதம் மெதுவாகத் திரும்பி வந்து சேரும் வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தைரொயிட், சேர்" என்றார் அவர்.

கழுத்திலிருக்கும் தைரொயிட் சுரப்பி வேலையை நிறுத்தினால் உடம்பில் எல்லாமே மந்தமாகும். கை, குரல், குடல், நாடி. அதையும் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புத்தியும் தடுமாறும், குரல்கள் கேட்கும். பெரிய டாக்டர் இளம் வைத்தியரைத் திட்டவில்லை. அம்புலன்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜன்னலில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

வெளியூருக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை அவர் சொன்னதையே சொன்னது. மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினோம். குரல்கள் அடங்குவதற்கும் கொஞ்ச நாள் மருந்து கொடுத்தோம். முகத்து ஊதல் வற்றியது. ஒரு நாள் கம்பளி கட்டில் காலடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மருதை அதைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் இதை எழுத வேண்டியதில்லை. புத்தி தெளிந்ததும் பாக்கியத்துக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கோடாங்கி அடித்தது, லயத்துச் சனம் வேடிக்கை பார்த்தது, எல்லாம். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவள் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"பேயி போயிருச்சுங்க. பேயி புடிச்சவங்குற பேருதான் போகல. என் கையால ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்குறாங்க. மலையில என் பக்கத்து நெரையில நிக்க ஆளில்ல."

தூக்கமில்லை, சாப்பாடில்லை, பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை. இரத்தம் சரியாக இருந்தது. பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "சுரப்பி என் வேலை. மிச்சம் உன் வேலை."

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். "கழுத்துல வருத்தம்னு மட்டும் சொல்லுங்க ஐயா. மத்தத சொல்லாதீங்க" என்றாள். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, பனிக்குள் பெரட்டுக் களத்தில் போய் நின்று, கழுத்தைத் தொட்டுக் காட்டி, அங்கே நோய் என்பதை மட்டும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் வீட்டுத் தண்ணீரை எல்லோரும் பார்க்க வாங்கிக் குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. கொஞ்சம் கொஞ்சமாக நிரையில் ஆள் வந்து நின்றார்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது, உட்காருவதற்கு முன்பே, "முழுப்பேருங்க ஐயா" என்றாள். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய சான்றிதழ்கள் எதுவும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

அதிலிருந்துதான் எங்கள் பொதுக் கிளினிக் உண்டானது. சீனி வருத்தம், பிரஷர், நெஞ்சுவலி, மனவருத்தம் எல்லாவற்றுக்கும் உட்கார ஒரே நீள வாங்கு, ஒரே வரிசை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு வந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சீனிக்காரரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டோம். தூக்கமில்லாதவரின் சீனியைப் பார்த்தோம். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய், பிறகு காலமாகி, அதற்கப்புறமும் நான் அதை இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். இடமில்லை, ஆளில்லை, இரண்டு பிரிவுக்கும் ஒரே கிளினிக் என்றால் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு புது நிர்வாகமும் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே விளக்கம். கடைசி வருடங்களில் என் வாயே எனக்கு அலுத்துவிட்டது.

நான் ஓய்வு பெற்றதும் கிளினிக்கைப் பிரித்தார்கள். என்னிடம் பதிந்திருந்தவர்கள் எல்லோரும் மனநலப் பிரிவு என்று கணக்காயிற்று. திறப்பு விழா இனித்தான் என்றாலும், புதிய கட்டடத்தில் கிளினிக் இப்போதே நடக்கிறது. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மின்விசிறி, தனி அறை, சுத்தமான கழிவறை. வாசலில் மூன்று மொழியிலும் பெரிய போர்டு. "மறைக்க மறைக்கத்தானே சேர் வெட்கம் கூடுது? போர்டு வச்சாத்தான் அது போகும்" என்கிறார் புதிய நிபுணர். அந்தப் பிள்ளை சொல்வதும் நியாயம்தான்.

போன கிழமை நல்ல வெயிலில் என் வீட்டுக் கேட்டை யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தேன். பாக்கியம். தடித்த ஸ்வெட்டர், அதற்கு மேலே கம்பளி.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. முகம் ஊதியிருந்தது.

"மாத்திர எங்க?"

"முடிஞ்சு போச்சுங்க." அதே கரகரப்பு. "கிளினிக் நம்பர் துண்டு எடுக்கப் போனேன். அந்த போர்டு போட்ட வாசலுக்குப் போகச் சொன்னாங்க."

"போறதுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. "சின்னவளுக்குப் பசறையில மாப்புள பேசியிருக்கு. மாப்புளயோட அம்மாவும் சீனி கிளினிக்குக்கு இங்கதானே வருது. வாங்குல ஒக்காந்தா போர்டு நேரா தெரியும். பால்குடியில விட்டுட்டு வந்த புள்ளைங்க அது. மறுபடியும் என்னால அது பேரு கெடணுமா?"

மருதை போன வருடம் இறந்துவிட்டார் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆத்தா கூப்பிடுகிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்லீங்க" என்றாள். அந்த 'இன்னும்' எனக்குப் போதுமாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியது எல்லாம் ஒரு போர்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று அலுப்பாக இருந்தது. புதிய நிபுணருக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போய், "உடனே கூட்டிட்டு வாங்க சேர், நான் பார்க்கிறன்" என்றார். "எந்த வாசலால?" என்று கேட்டேன்.

வாழ்த்துக்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் எழுதுகிறேன். போர்டு இருக்கட்டும் மகள். வரத் துணிந்தவர்கள் அதன் கீழே தலை நிமிர்ந்து வரட்டும். ஆனால் அந்தப் பழைய வாங்கையும் வைத்திருங்கள், ஒரு நாளைக்காவது நீங்கள் அங்கே வந்து உட்காருங்கள்.

அன்றைக்கு நானே பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். பொது வைத்தியப் பிரிவில் துண்டு எடுத்து, மற்றவர்களோடு வாங்கில் உட்கார்ந்தோம். அடையாளம் கண்டுகொண்ட ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். "டாக்டர் ஐயா, நீங்க ஏன் இங்க? உள்ள வாங்க."

"வருத்தக்காரன் வேற எங்க ஒக்கார்றது?" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

பாக்கியம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஐயாவுக்கு என்னங்க வருத்தம்?"

"அசதி பாக்கியம். ஒன்னும் ஓட மாட்டேங்குது. கை போக மாட்டேங்குது."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று, அவ்வளவு மந்தமாக வந்தது.

"அப்ப ஐயாவுக்கும் அரப்பேருதான்."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள், தகப்பன் பேரையும் சேர்த்து, முழுப்பேரும் சொல்லி. அவள் எழும்ப நேரம் எடுத்தது. நானும் அவசரப்படவில்லை.